மூன்று கிலோமீட்டர் ஆழத்தைக் கைப்பேசியில் காட்ட முடியுமா?

மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே பெங்களூருக்கு ரயில் கிளம்பிவிடுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று ஆளேற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகப் போகும் வண்டிகளில்தான் இன்று கோலார் தங்கவயலின் சம்பாத்தியம் போய்வருகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து ஊரின் அன்றாடம் இதுதான். அப்பாவோ அம்மாவோ, சில வீடுகளில் இருவருமோ, இருட்டோடு போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். வீட்டில் நல்ல கைப்பேசி ஒன்றே ஒன்று என்றால் அதுவும் அவர்களோடு போய்விடுகிறது. பிள்ளை பள்ளிவிட்டு வந்து புத்தகத்தை எடுக்கும் நேரத்தில் அந்தக் கைப்பேசி ஒயிட்ஃபீல்டிலோ கண்டோன்மென்ட்டிலோ இருக்கும்.

கைப்பேசி விளையாட்டுகள் வழியாகவும், ஆக்மென்டட் ரியாலிட்டி எனப்படும் மிகை மெய்ம்மை வழியாகவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரலாம் என்ற பேச்சு நாடெங்கும் நடக்கிறது. தங்கவயலில் நின்று அந்தப் பேச்சைக் கேட்டால் முதலில் எழும் கேள்வி, எந்த நேரத்தில், யாருடைய கைப்பேசியில் என்பதுதான். நாட்டு அளவிலான கணக்கெடுப்புகளும் இதே இடத்தைத் தொடுகின்றன. பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் அசர் அறிக்கை, 2024-ஆம் ஆண்டில் கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுவரை உள்ளவர்களைப் பற்றிச் சொல்வது: ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் 82 விழுக்காடு, கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 விழுக்காடு. பயன்படுத்தத் தெரிந்தவர்களில் தனக்கென்று ஒரு கைப்பேசி வைத்திருக்கும் பையன்கள் 36 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 27 விழுக்காடு. கையாளத் தெரிவதற்கும் கையில் இருப்பதற்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியும் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக இருக்கிறது.

கொரோனா காலத்தில் இதைக் கர்நாடகமே நேரில் பார்த்தது. 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது மாநிலக் கல்வித்துறை 'வித்யாகம' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கோயில் திண்ணை, மரத்தடி, சமுதாயக் கூடம் என்று கிடைத்த இடத்தில் ஆசிரியர்களே பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பாடம் நடத்தினார்கள். இணையவழி வகுப்பு எட்டாத பிள்ளைகள் ஏராளமாக இருந்ததால்தான் அப்படி ஒரு திட்டமே தேவைப்பட்டது. தொற்று அச்சத்தால் அந்த ஆண்டு அக்டோபரில் அது நிறுத்தப்பட்டது என்றாலும் அதன் பாடம் இன்னும் செல்லும்.

சரி, கைப்பேசி கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். விளையாட்டால் பிள்ளை கற்கிறதா? இதற்கு இந்தியாவிலேயே இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஆதாரம் சேர்ந்திருக்கிறது. அவற்றில் பல கணினி வழியாக நடந்தவை. ஆனால் திரை சிறியதா பெரியதா என்பதைவிட அவற்றின் முடிவுகள் முக்கியமானவை.

முதலில் வடோதரா. அந்த நகராட்சிப் பள்ளிகளுக்குக் குஜராத் அரசு கொடுத்த கணினிகள் பெரும்பாலும் உறையோடு கிடந்தன. 2002-இலிருந்து பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு மணிநேரம், கணினிக்கு இருவராக உட்காரவைத்துக் கணக்கு விளையாட்டுகளை ஆடவிட்டது. பிள்ளையின் தரத்துக்கு ஏற்பக் கேள்வி கடினமாகும் வகையில் விளையாட்டுகள் அமைந்திருந்தன. அபிஜித் பானர்ஜி, ஷான் கோல், எஸ்தர் டூஃப்லோ, லீ லிண்டன் ஆகிய நால்வர் இதை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். முதலாண்டில் கணக்கு மதிப்பெண் 0.35 திட்ட விலக்கமும் இரண்டாமாண்டில் 0.47-உம் கூடியிருந்தது. பள்ளிக்கல்வி ஆய்வுகளில் இது பெரிய எண். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து மறுபடி அளந்தபோது ஏறக்குறைய 0.1 மட்டும் எஞ்சியிருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு பகுதி உண்டு. விளையாட்டுக்குக் கிடைத்த கவனம் அதற்குக் கிடைக்கவில்லை. பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணிநேரம் தனியே உட்காரவைத்துச் சொல்லித்தர, பால்சகி என்ற பெயரில் அந்தப் பகுதி இளம்பெண்களை அமர்த்தினார்கள். அதில் கூடிய மதிப்பெண் கணினி விளையாட்டில் கூடியதைவிடக் குறைவுதான். ஆனால் செலவழித்த ரூபாய்க்குக் கிடைத்த பலனைப் பார்த்தால் பால்சகிகளே முந்தினார்கள். படித்த இளம்பெண்கள் வேலைக்காகத் தினமும் 100 கிலோமீட்டர் போய்வரும் ஒரு ஊரில் இந்த முடிவைப் படிக்கும் எவருக்கும், செயலி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை எங்கே போடலாம் என்று தோன்றாமல் இருக்காது.

லீ லிண்டன் குஜராத்தின் ஞான் சாலா பள்ளிகளில் தனியே நடத்திய ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரே மென்பொருளை இரண்டு விதமாகப் பயன்படுத்தினார்கள். வகுப்பு நேரத்தை எடுத்துக்கொண்டு கணினியைக் கொடுத்த இடத்தில் பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். வகுப்பு முடிந்தபின் கூடுதலாகக் கொடுத்த இடத்தில் பயன் இருந்தது. நன்றாகச் சொல்லித்தரும் ஆசிரியரின் நேரத்தைத் திரை தின்றால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

டில்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளின் மையங்களில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியான் மூவரும் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பள்ளிக்குப் பின் 90 நிமிடம். அதில் பாதி நேரம் மென்பொருள், மீதி நேரம் ஓர் உதவி ஆசிரியரோடு சிறு குழுவாகப் படிப்பு. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க உயர்வு. அந்த மென்பொருள் தெரிந்துகொண்ட உண்மை ஒன்று இந்தியப் பள்ளிகளின் அடிவயிற்றில் கை வைக்கிறது: ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் நிற்கிறது. ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை முடிக்க ஓடுகிறார். பிள்ளை இன்னும் மூன்றாம் வகுப்புக் கழித்தலில் தடுமாறுகிறது. மென்பொருள் அந்தத் தடுமாற்றத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. அதன் வலிமை அங்கேதான் இருந்தது. திரையில் வண்ணம் தெறித்ததிலோ பரிசுப் புள்ளிகள் விழுந்ததிலோ இல்லை.

இதற்கெல்லாம் எதிர்த்திசையில் ஒரு டில்லி ஆய்வையும் வைத்துப் பார்க்க வேண்டும். மொய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் 1,500-க்கும் மேற்பட்ட மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண், வடிவ விளையாட்டுகளைக் கொடுத்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். விளையாட்டில் பழகிய எண்ணுணர்வும் வடிவ உணர்வும் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தன. ஆனால் முதல் வகுப்பில் பள்ளி நடத்திய கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிட முன்னேறவில்லை. குறியீடு, எண்ணுரு, சொல் ஆகியவற்றோடு விளையாட்டு இணையாததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். விளையாட்டில் தேர்ந்த பிள்ளை பாடத்திலும் தானாகத் தேறிவிடும் என்ற எதிர்பார்ப்பை இந்த முடிவு தாங்கவில்லை.

கைப்பேசிக்கே வந்தால், இந்தியாவில் இதில் முன்னோடி வேலை 'மில்லி' என்ற திட்டம். மாத்யூ காம் என்பவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது 2004 வாக்கில் தொடங்கியது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைக் கற்க அவர்கள் முதலில் செய்த விளையாட்டுகள் மேலைநாட்டு வீடியோ கேம்களின் சாயலில் இருந்தன. பிள்ளைகளுக்கு அவை பிடிபடவில்லை. பிறகு கிராமத்தில் பிள்ளைகள் தெருவில் ஆடும் ஆட்டங்களை உட்கார்ந்து கவனித்து, அவற்றின் விதிகளிலிருந்து புதிய விளையாட்டுகளைக் கட்டினார்கள். 2009-இல் வந்த அந்த ஆய்வு இன்றைக்கும் செயலி செய்கிறவர்கள் படிக்க வேண்டியது. அடுத்த ஆண்டு, பள்ளிக்கு வெளியே 26 வாரம் பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். யாரும் மேற்பார்க்காதபோதும் ஓரளவு கற்றார்கள். கைப்பேசியை யார் யாரோடு பகிர்வது என்பதில் சாதியும் பாலினமும் குறுக்கே நின்றதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் ஊர்களில் பாண்டி, தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி என்று கணக்கும் உத்தியும் நிறைந்த ஆட்டங்கள் இருக்கின்றன. அவற்றைச் செயலிக்குள் கொண்டுபோன முயற்சிகள் பெரும்பாலும் பலகையைப் படமாக வரைந்ததோடு நின்றுவிட்டன. விதிகளுக்குள் பாடத்தை நுழைக்கும் வேலை மிச்சம் கிடக்கிறது.

உலக அளவில் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களின் கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. 2016-இல் டக்ளஸ் கிளார்க் குழு தொகுத்தபோது டிஜிட்டல் விளையாட்டின் சராசரி நன்மை 0.33 திட்ட விலக்கம் என்று வந்தது. ஒரே ஒருமுறை ஆடவிட்டால் பலன் இல்லை. பலமுறை, இடைவெளி விட்டு ஆடினால் உண்டு. அதற்கு மூன்றாண்டு முன் பீட்டர் வௌட்டர்ஸ் குழு செய்த தொகுப்பில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. விளையாட்டு கற்றலையும் நினைவில் நிற்பதையும் கூட்டியது. ஆர்வத்தை மட்டும் உறுதியாகக் கூட்டவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் வரும் என்றுதான் எல்லோரும் கேமை விற்கிறார்கள். ஆதாரம் அந்தக் காரணத்தின் பக்கம் நிற்கவில்லை.

மிகை மெய்ம்மையின் கதை வேறு. கேமரா காட்டும் உண்மையான இடத்தின் மேல் கணினி வரைந்த உருவம் படிவதுதான் அது. 2016-இல் போக்கிமான் கோ வந்தபோது உலகமே தெருவில் இறங்கிக் கைப்பேசியை நீட்டியது. ஆனால் கல்வியில் இந்த எண்ணம் அதற்கு முன்பே வேலை செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் எரிக் க்ளாப்ஃபர் போன்றவர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கையடக்கக் கருவியோடு மாணவர்களை வெளியே அனுப்பி, கற்பனையான ஒரு நச்சுக்கசிவின் மூலத்தைத் தேடவிட்டார்கள். ஹார்வர்டின் எக்கோமொபைல் திட்டத்தில் பிள்ளைகள் உண்மையான குளக்கரைக்குப் போய், கைப்பேசி காட்டும் இடத்தில் நின்று, உண்மையான கருவியால் நீரின் ஆக்சிஜன் அளவை எடுத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜிம் மாத்யூஸ் செய்த 'டவ் டே' என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 1967-இல் அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புப் போராட்டத்தை, அது நடந்த அதே படிக்கட்டுகளில் நின்று, ஒரு பத்திரிகையாளராகப் பிள்ளை விசாரிக்கிறது. அந்த இடத்துக்குப் போனால் அந்த இடத்தில் எடுத்த பழைய படம் திறக்கும். எல்லாத் தரப்பின் வாக்குமூலமும் ஒன்றோடொன்று முரண்படும். முடிவைப் பிள்ளைதான் எட்ட வேண்டும்.

இவற்றிலும் சிக்கல் உண்டு. ஹார்வர்டில் கிறிஸ் டீட் குழு செய்த 'ஏலியன் கான்டாக்ட்' விளையாட்டில் பிள்ளைகள் ஆர்வமாகத்தான் இருந்தார்கள். ஆனால் இடத்தைக் கண்டுபிடிப்பது, கருவியைக் கையாள்வது, கணக்குப் போடுவது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்ததால் பலர் திணறினார்கள். மிகை மெய்ம்மை ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் காட்டும் நன்மை விளையாட்டுகளுக்குக் கிடைத்ததைவிடப் பெரியது, 0.6-க்கும் மேலே. அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரும்பாலானவை சில வாரங்களில் முடிந்த ஆய்வுகள். புதுப்பொருளின் கவர்ச்சி தீரும்வரை அளந்தவை அதிகம், தீர்ந்தபின் அளந்தவை குறைவு. மெய்நிகர் உலாக்களுக்கான தன் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலியைக் கூகுள் 2021-இல் நிறுத்திவிட்டதும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் 2018-இல் வந்த புதிய பாடநூல்கள் க்யூ.ஆர். குறியீடுகளோடு வந்தன. புத்தகத்தின் பக்கத்தைக் கைப்பேசி படித்துக் காணொளியையோ பயிற்சியையோ திறக்கும். 2023-இல் மணற்கேணி செயலி வந்தது. கர்நாடகத்திலும் தீக்ஷா தளத்தோடு இணைந்த பாடநூல்கள் உண்டு. பெங்களூரின் அக்ஷரா அறக்கட்டளை அரசுப் பள்ளிகளில் 'கணித கலிக்கா ஆந்தோலனா' என்ற பெயரில் நாலாம், ஐந்தாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பொருட்கள் அடங்கிய பெட்டியைக் கொண்டுசென்றது. கூடவே 'பில்டிங் பிளாக்ஸ்' என்ற இலவசக் கணக்கு விளையாட்டுச் செயலியையும் செய்தது. கையால் தொட்டு அடுக்கும் பொருள் வகுப்பில், அதே கருத்து விளையாட்டாக வீட்டில். முன்சொன்ன டில்லி மழலையர் ஆய்வு சுட்டிய பள்ளத்தை நிரப்ப இந்த இணைப்புதான் வேண்டும்.

ஆனால் தங்கவயல் பிள்ளை இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளை அது. வீட்டில், லைன் வீட்டுத் தெருவில், விளையாட்டில், சண்டையில் பேசுவது தமிழ். படிப்பது கன்னட வழியிலோ ஆங்கில வழியிலோ. தமிழில் சரளமாகப் பேசியும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் இளையவர்கள் இங்கே நிறைய. தமிழ்நாட்டுச் செயலிகள் தமிழ்நாட்டுப் பாடநூலின் பக்க வரிசையில் நடக்கின்றன. கர்நாடகச் செயலிகளின் கன்னடத்தைப் பிள்ளை படித்துவிடும். ஆனால் புரியாத இடத்தில் அம்மாவிடம் கேட்டால் அம்மாவுக்குத் தமிழில்தான் விளக்க வரும். எழுத்தை நம்பாமல் குரலை நம்பும் விளையாட்டு இந்த ஊருக்குப் பொருந்தும். கேள்வி பேச்சுத் தமிழில் காதில் விழட்டும், கலைச்சொல் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திரையில் நிற்கட்டும். அப்படிச் செய்தால் வீட்டுமொழி பாடத்துக்குள் வரப் பாலம் கிடைக்கும். மூன்று மொழி கலந்து வாழ்வது தங்கவயலில் தினசரி நடப்பு. செயலிகள் மட்டும் ஒரு மொழியைத் தேர்ந்தெடு என்று பிள்ளையைக் கேட்கின்றன.

இந்த ஊருக்கு மிகை மெய்ம்மையால் செய்யக்கூடியது என்ன என்பதை இனிப் பார்க்கலாம். என் கருத்தில் இந்தத் தொழில்நுட்பம் நியாயமாக வேலை செய்யும் இடம், கண்ணால் பார்க்க முடியாததும் புத்தகப் படத்தில் அடங்காததும் ஆனால் காலடியில் இருப்பதும் எதுவோ அதுதான். இந்தியாவில் இதற்குத் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊரைச் சொல்வது கடினம். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்ததிலிருந்து 120 ஆண்டு தோண்டியதில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. இன்று கூண்டு இறங்குவதில்லை. அடித்தளங்களில் தண்ணீர் நிற்கிறது. தாத்தா தினமும் இறங்கிய இடத்தைப் பேரன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. 'கே.ஜி.எஃப்.' திரைப்படம் இங்குள்ள சயனைடு கழிவுமண் மேடுகளில் படமாக்கப்பட்டு நாடெங்கும் ஓடியது. ஊரின் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கீழே இருந்த வேலை என்னவென்று அந்தப் படத்தால் தெரியாது.

இதில் பாடம் எங்கே இருக்கிறது? எங்கும் இருக்கிறது. 5 கோடி டன்னுக்கும் சற்றுக் கூடுதலான பாறையை வெட்டி ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்தார்கள். ஒரு டன் பாறைக்கு எத்தனை கிராம் என்பது ஏழாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. விடை 15, 16 கிராம் வரும். மூடும் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தது என்று சொன்னால், சுரங்கம் ஏன் மூடப்பட்டது என்ற பொருளாதாரக் கேள்வி அதே கணக்கின் அடுத்த வரியில் வந்து நிற்கும். அடித்தளத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியது. மேலே 25 டிகிரி என்றால் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஏறுகிறது? 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. அவ்வளவு தூரத்துக்கு ஏன் அதிக மின்னழுத்தத்தில் அனுப்ப வேண்டும் என்பது பத்தாம் வகுப்பு இயற்பியல். 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவுசெய்தன. உலகிலேயே முதல் பதிவுகளில் அது ஒன்று. ஏன் அதற்கு மண்ணுக்கடியில் போக வேண்டும், மேலே இருக்கும் பாறை எதைத் தடுத்து எதை விடுகிறது? இதற்கு நிகரான இயற்பியல் வகுப்பை எந்த ஊரும் தன் பெயரில் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். சாக்பீஸால் முடியாதா? ஆழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் வகுப்புச் சுவரில் 3.2 மீட்டர் கோடு இழுத்துச் சுரங்கத்தைக் காட்டிவிடலாம். அதில் ஒரு பிள்ளையின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர். இதற்குக் கைப்பேசி தேவையே இல்லை. சுவர்க்கோடு இன்னும் நன்றாகவே சொல்லும். தங்கம் இருந்த ரீஃப் அப்படிப்பட்டதல்ல. அது மேற்குநோக்கிச் சரிந்து போகும் ஒரு பலகை. அதைச் செங்குத்தான ஷாஃப்ட்கள் வெட்டுகின்றன. ஷாஃப்டிலிருந்து படுக்கையாக லெவல்கள் கிளைக்கின்றன. எங்கே எந்த லெவல் ரீஃபைத் தொடும் என்பதைத் தட்டையான படத்தில் பார்த்துப் பிள்ளையால் மனத்தில் கட்ட முடியாது. வரைபடத்தின் மேல் கைப்பேசியைக் காட்டினால் அது மேசையின் மேல் முப்பரிமாணமாக எழும்பி, சுற்றிச் சுற்றிப் பார்க்கவும் வெட்டிப் பார்க்கவும் முடிந்தால், அங்கே இந்தத் தொழில்நுட்பம் தன் கூலிக்கு வேலை செய்கிறது. இடவெளியை மனத்தில் கட்டுவதுதான் இதில் ஆய்வுகள் மிகுந்த நம்பிக்கையோடு சொல்லும் நன்மையும்கூட.

வரலாற்றுக்கு 'டவ் டே' வழி பொருந்தும். 1930 ஏப்ரலில் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளி, கங்காணி, கம்பெனி அதிகாரி, மைசூர் அரசு என்று அதில் பல தரப்பு உண்டு. எல்லோரிடமும் கேள்வி கேட்டுப் பிள்ளை தானே ஒரு செய்தி எழுதட்டும். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தியவர்களும், தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் எழுத்துகளை அவர் மறைவுக்குப் பிறகு சித்தார்த்த புத்தகசாலை வழியாக இங்கிருந்து அச்சிட்டவர்களும் அந்த விளையாட்டில் வர வேண்டும். பாடநூலில் இல்லாத அறிவு மரபு இது. தன் தெருவில் அச்சுக்கூடம் இருந்தது என்று அறியும் பிள்ளைக்குப் புத்தகம் என்பதே வேறு பொருளாகிவிடும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இடத்துக்கு இடம் பிள்ளையை நடக்கவிடும் விளையாட்டைத் தங்கவயலில் அப்படியே வைக்கக் கூடாது. 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவுமண் சயனைடு மேடுகளாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. கைவிடப்பட்ட ஷாஃப்ட்கள், இடியும் கட்டடங்கள், நிலம் உள்வாங்கும் இடங்கள் இருக்கின்றன. திரையைப் பார்த்துக்கொண்டே நடக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அங்கே அனுப்பும் எந்த வடிவமைப்பும் குற்றம். விளையாட்டு பள்ளி மைதானத்தில் விரித்த வரைபடத்தின் மேல் நடக்கட்டும். தெருவுக்குப் போக வேண்டுமென்றால் ஆசிரியரோடு, ரயில் நிலையம், பழைய மருத்துவமனை, அச்சுக்கூடம் இருந்த தெரு என்று பாதுகாப்பான இடங்களுக்கு மட்டும். மைதானத்து வரைபடத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. அச்சிட்ட தாளை அடையாளம் கண்டு உருவத்தை எழுப்பும் முறை விலைகுறைந்த கைப்பேசியிலும் ஓடும், இணையமும் கேட்காது. ஐந்து பிள்ளைக்கு ஒரு கைப்பேசி போதும். பள்ளிக்குப் பத்து இருந்தால் வகுப்பு நடக்கும். அப்பாவின் கைப்பேசி பெங்களூரில் இருப்பது அப்போது தடையாகாது. வடோதராவில் கணினிக்கு இருவர் உட்கார்ந்தே அந்த மதிப்பெண் வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இதைச் சந்தையிடம் விட்டுவிடலாமா என்று கேட்டால், பெங்களூரின் கல்விச் செயலி நிறுவனமான பைஜூஸின் கதையைப் பார்த்தால் போதும். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட நிறுவனம் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. உண்மையான பொருட்களைக் கேமரா முன் வைத்து விளையாடும் ஆஸ்மோ என்ற நல்ல யோசனையையும் அது 2019-இல் வாங்கியிருந்தது. பொருள் நன்றாக இருந்தும், பிள்ளையின் தேவையைவிட விற்பனையின் வேகம் முன்னால் ஓடினால் பெற்றோர் கடனோடு நிற்கிறார்கள். தவிர, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் தரவை எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பிள்ளை எந்தக் கேள்வியில் தவறு செய்தது, எத்தனை மணிக்கு ஆடியது என்ற பதிவு பள்ளியை விட்டு வெளியே போகவே தேவையில்லை.

ஆகவே தங்கவயலுக்கு இந்தச் செயலியைத் தங்கவயல்தான் செய்ய வேண்டும். ஆட்கள் இருக்கிறார்கள். பெங்களூரின் மென்பொருள் அலுவலகங்களுக்கு இதே ரயிலில் போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். பாறை இயக்கவியலுக்கான தேசியக் கழகம் 1988-இல் தொடங்கியதே இந்த ஊரில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே இறங்கியவர்கள் இருக்கிறார்கள். கூண்டில் எத்தனை பேர் நின்றார்கள், இறங்கும்போது காது எப்போது அடைத்தது, பாறை வெடிக்கப் போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொண்டார்கள், வெப்பத்தில் எவ்வளவு நேரம் வேலை செய்ய முடிந்தது என்பதை எந்த மென்பொருள் நிறுவனமும் கற்பனையில் எழுத முடியாது. கடைசி ஷிப்டில் இருந்தவர்களில் இளையவர்களே இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். மூத்தவர்கள் பலரைச் சிலிக்கோசிஸ் முன்பே கொண்டுபோய்விட்டது. செயலியை ஈராண்டு தள்ளிச் செய்யலாம். குரலைத் தள்ளிப்போட முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருக்கும் கைப்பேசியில், தங்கள் தெருவின் பெரியவர் ஒருவரைப் பதிவுசெய்யச் சொல்வதே முதல் பாடமாக இருக்கலாம். கேள்வி தயாரிப்பது, பேச்சை எழுதுவது, அதைக் கன்னடத்தில் சுருக்குவது எல்லாம் அதில் அடங்கும்.

அந்தக் குரல் பதிவுகளின் மேல் செய்யப்படும் விளையாட்டைச் சோதிக்கும் முறையையும் முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். இரண்டு பள்ளிகளில் பள்ளி முடிந்தபின் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு பருவம் முழுக்க. ஒன்றில் கைப்பேசியோடு, இன்னொன்றில் அதே பாடத்தைச் சுவர்க்கோடும் களிமண் மாதிரியும் வைத்து. இரண்டிலும் ஓர் உள்ளூர்ப் பெண் உதவி ஆசிரியராக இருக்கட்டும். முடிந்த அன்று ஒரு தேர்வு, மூன்று மாதம் கழித்து எச்சரிக்கை இல்லாமல் இன்னொரு தேர்வு. பெண்பிள்ளைகளின் கையில் கருவி எத்தனை நிமிடம் இருந்தது என்பதைத் தனியே எழுத வேண்டும். களிமண் வைத்த பள்ளி ஜெயித்தால் அந்த முடிவையும் அப்படியே வெளியிட்டு, மறு பருவத்தில் களிமண்ணையே வாங்க வேண்டும்.